கலைக்கிற வரிசை

முதலாவது அநியாயம், குணசிங்கத்தின் அப்பாவின் பிறப்பைப் பதியப் போன இடத்தில் நடந்தது. பிள்ளைக்கு வல்லிபுரம் என்று பெயர் சொன்ன மனிதரை ஊர் அதிகாரியான விதானையார் ஏற இறங்கப் பார்த்து, உங்களுக்கு இவ்வளவு நீளம் எதுக்கு என்று கேட்டு, வல்லி என்று எழுதி மை ஒற்றிப் புத்தகத்தை மூடிவிட்டார். இரண்டாவது, அந்த வல்லி வளர்ந்து ஆளாகி, மேல்சாதி நயினார் வீட்டு வேட்டைக்குக் காடு கலைக்கப் போன அன்று நடந்தது. துவக்குப் பிடித்தவர் நயினார், பற்றைக்குள் நின்று கத்தி மிருகத்தை விரட்டியவர் வல்லி, ஈயச் சன்னம் ஏறியது வல்லியின் கெண்டைக்காலில், ஆஸ்பத்திரியில் எழுதப்பட்டது முள்ளுக்கம்பி கிழித்ததென்று. மூன்றாவது, ஆயுத இயக்கப் பொடியள் வந்து, வல்லியின் மகன் குணசிங்கம் துண்டுப் பிரசுரம் அடிக்கும் ரோனியோ மெஷினைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் ரசீது கேட்டார், அவர்கள் சிரித்தார்கள். நான்காவது, அதே குணசிங்கம் நோர்வேயில் வந்து இறங்கிய அன்று நடந்தது. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் இருந்தன. குடிவரவுக் கந்தோரில் இருந்த பெண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். அன்றிலிருந்து மீன் தொழிற்சாலையிலும் தொழிற்சங்கத்திலும் பல் வைத்தியரிடத்திலும் அவர் வல்லி. ஐந்தாவது அநியாயம் இன்று காலை நடந்தது. எல்க் மான் வேட்டைக்குச் சீட்டு எடுத்தபோது மகளுக்குத் துவக்கோடு உட்கார ஆறாம் இடமும், அவருக்குக் காடு கலைக்கும் வேலையும் விழுந்தன.

இந்த ஒழுங்கை அவர் ஒருபோதும் மாற்றுவதில்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன அவருக்குத் துண்டுப் பிரசுரம்தான் பள்ளிக்கூடம், துண்டுப் பிரசுரம் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது: குறைகளை நடந்த முறைப்படி எண்ணிட்டு எழுது, பிந்தியதை முந்தவிடாதே, கோபம் எங்கே கூடுகிறது என்று படிக்கிறவனே கண்டுபிடிக்கட்டும். ஆனால் இன்று ஐந்தாவது சும்மா இருக்கவில்லை, முண்டிக்கொண்டு முன்னால் வருகிறது. சப்பாத்து சதுப்புக்குள் முழங்கால் வரை இறங்கி, இழுத்தால் மாடு புல் பிடுங்குவதுபோல் ஒரு சத்தத்தோடு வெளியே வருகிறது. அடுத்த கால், அடுத்த சத்தம். மேலே செம்மஞ்சள் மேலங்கி, அதே நிறத்தில் தொப்பி, நெஞ்சில் ஒரு வோக்கி-டோக்கி. கையில் ஒன்றுமில்லை. கலைக்கிறவர்கள் துவக்குக் கொண்டுபோகக் கூடாதென்பது இந்த வேட்டைக் குழுவின் விதி. அவருடைய துவக்கு குடிலில் பூட்டிக் கிடக்கிறது. வருஷம் முழுக்கப் படித்துப் பரீட்சை எழுதித் தோள்மூட்டைக் கன்ற வைத்து அனுமதி எடுத்த துவக்கு. காலையில் குடிலுக்குள் கோப்பி மணத்துக்கு நடுவே, குழுத் தலைவர் ஹல்வார் தன் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தபோதே அவருக்குத் தெரியும். உள்ளே மரத்துண்டுகள், அவற்றில் எண்கள், எண்ணில்லாத துண்டு கலைக்கிறவர்களுக்கு. கையை விட்டார், எடுத்தார், வெறும் துண்டு. "இது சரியில்லை" என்றார் தமிழில். "என்னப்பா சரியில்லை?" என்றான் மகன் கீரன், பதினாறு வயது, அவனுக்கும் வெறும் துண்டுதான், அதை மூக்கின்மேல் நிறுத்தி விளையாடிக்கொண்டிருந்தான். "உவங்கள் வெள்ளைக்காரங்கள் எல்லாருக்கும் இடம் விழுந்திருக்கு, எங்கள் ரெண்டு பேருக்கும் கலைக்கிற வேலை." "வெள்ளைக்கார ரூனெக்கும் கலைக்கிறதுதான். அக்காவுக்கு இடம் விழுந்திருக்கு. அதோட அப்பா, சீட்டை எடுத்தது உங்கட கைதானே?" தன் கையால் தனக்கே நடந்த அநியாயத்தை எந்தப் பிரசுரத்தில் எப்படி எழுதுவது? யாருக்கெதிராக எழுதுவது? தொப்பிக்கு எதிராகவா? மகள் செம்மலர் ஆறு என்று எழுதிய துண்டை உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தாள், சிரிப்பை மூடுவதுபோல்.

சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. இடது காலில் முதலில் குளிர், பிறகு சூடு, பிறகு ஒன்றுமில்லை. இதெல்லாம் செம்மலரால் வந்தது. பதினைந்து வயதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேட்டைப் பரீட்சைக்குப் போகிறார்கள், நானும் போகப்போகிறேன் என்றாள். கீரன் அப்போ நானும் என்றான். மனைவி யோகேஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் துவக்குகளைப் பற்றி நெடுநேரம் பேசினார், துவக்குப் பிடித்த கைகள் எங்கள் ஊரில் என்னென்ன செய்தன என்று ஒழுங்காக, முதலாவதிலிருந்து. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடி இருந்து கேட்டார்கள். கடைசியில் செம்மலர் கேட்டாள், "அப்பா, அப்பப்பாவுக்குத் துவக்குப் பிடிக்க விடேல்லை எண்டுதானே உங்களுக்குக் கோவம்? பிறகு நான் பிடிக்கக் கூடாது எண்டுறியள்." கூட்டங்களில் எத்தனையோ பேர் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் பதில் இருந்தது. சரி, எனக்குத் தெரியாத துவக்கு என் வீட்டுக்குள் வரக்கூடாது, நானும் படிக்கிறேன் என்றார். மூன்று பேருமாக மாலை வகுப்புக்குப் போனார்கள். பிள்ளைகள் முதல் தடவையே தேறினார்கள். அவர் தேறவில்லை. காட்டு மிருகங்கள் யாருக்குச் சொந்தம் என்றொரு கேள்விக்குச் சரியான பெட்டியில் புள்ளடி போடாமல் ஓரத்தில் விளக்கம் எழுதியிருந்தார். சுடும் திடலில் அவள்தான் பக்கத்தில் படுத்துச் சொல்லிக்கொடுத்தாள், "மூச்சைப் பாதி விட்டிட்டு நிப்பாட்டுங்கோ, விரலை இழுக்காதேங்கோ, மெல்ல அமத்துங்கோ. இல்லையப்பா, கதைச்சுக்கொண்டு சுட ஏலாது." கதைக்காமல் மூச்சை நிறுத்துவது எப்படி? நாற்பது வருஷம் மூச்சு விட்டதெல்லாம் பேச்சாகத்தான். ஒவ்வொரு முறையும் விசையை அமத்தும் நேரத்தில் கெண்டைக்காலில் ஏதோ கடிப்பதுபோல இருக்கும், அவருடைய கெண்டைக்காலில், சன்னம் ஏறாத கெண்டைக்காலில். குறி தாழ்ந்துபோகும். கீரன் தூரக்கண்ணாடியால் பார்த்து, "அப்பா, நீங்கள் மண்ணுக்குக் காது குத்தியிருக்கிறியள்" என்பான்.

"கத்துங்கோ அப்பா!" இடது பக்கம் மரங்களுக்குள்ளிருந்து கீரனின் குரல். ஓம், கத்த வேண்டும். கலைக்கிறவர்கள் ஒருவரையொருவர் காணும் தூரத்தில் வரிசையாக நடந்து, கத்தி, கை தட்டி, மரத்தில் தடியால் அடித்து, மிருகத்தை முன்னால் தள்ள வேண்டும். முன்னால் அரைவட்டமாகத் துவக்குக்காரர்கள் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள். அதற்குள் ஓரிடத்தில் மகள், பதினெட்டு ஆகாதபடியால் பக்கத்தில் பொறுப்பாக இங்கெர் என்ற வயதுபோன ஆசிரியை. அவர் நடப்பது மகளின் துவக்கை நோக்கித்தான். அதை நினைத்ததும் ஒரு கணம் நின்றார். நின்றதற்குக் காரணம் பயமில்லை, சப்பாத்து என்று தனக்குச் சொன்னார். என்ன கத்துவதென்று காலையில் கேட்டபோது ஹல்வார் தோளைக் குலுக்கினார், "எதுவும். சத்தம் போதும்." சத்தம் போதுமாம். அப்பாவுக்கும் நயினார் இதைத்தான் சொல்லியிருப்பார், உன்னட்டை அர்த்தம் ஆர் கேட்டது, சத்தம் போடு. அவர் சும்மா சத்தம் போடுகிறவர் இல்லை. சாதி எதிர்ப்பு ஊர்வலங்களில் பழகிய கோஷத்துக்குத் தொண்டையைச் செருமினார். "கிணற்றடியில் வேலி எதற்கு!" பூர்ச்ச மரங்கள் மஞ்சள் இலையைச் சொரிந்தன. "கோயில் கதவைத் திற!" இடது பக்கத்திலிருந்து ஊர்வலத்தில் நடப்பவன்போல் கீரன், "திற! திற!" என்றான். "கூலியைக் குறைக்காதே!" "குறைக்காதே! குறைக்காதே!" வலது பக்கத்திலிருந்து ரூனெ, தொழிற்சாலைக் குளிரறையில் அவரோடு நின்ற பழைய ஆள், ஒன்றும் விளங்காமல் மாடுபோல் "ஹோ! ஹோ!" என்றான். ஒரு சந்தோஷம் வந்தது, உண்மையைச் சொன்னால் பெரிய சந்தோஷம். ஊரில் அவருக்குக் கிடைத்த கடைசி ஊர்வலத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பதில் வரவில்லை. கைகள் தாமாக உயர்ந்தன. கொஞ்ச நேரத்தில் கீரன் களைத்துவிட்டான். "அப்பா, வேற ஏதாவது சொல்லுங்கோ, இது எல்க்குக்கு விளங்கிப் போச்சு." பிறகு அவன் தன்பாட்டுக்கு ஏதோ நோர்வேப் பாட்டை உரத்துப் பாடத் தொடங்கினான். பதில் இல்லாத கோஷம் இரண்டு தடவைக்குமேல் போகாது. மூன்றாவது தடவை தன் குரல் தனக்கே கேட்கத் தொடங்கிவிடும், கிழட்டுக் குரல்.

வோக்கி கரகரத்தது. "வல்லி, நீ பின்தங்குகிறாய். வரிசை வளைகிறது." ஹல்வாரின் குரல், நிதானமான குரல், கெட்ட மனிதர் இல்லை, போன குளிர்காலத்தில் வீட்டுப் பனியை வழித்துத் தந்தவர். அது வேறு. முதல் கூட்டத்திலேயே குணா என்று கூப்பிடுங்கள், வல்லி என் தகப்பன் பெயர் என்று சொல்லியிருக்கிறார். ஹல்வார் தலையை ஆட்டிவிட்டு, சரி வல்லி என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதில்லை, உண்மையாகவே காதில் ஏறவில்லை. அன்றைய கூட்டத்தில்தான் இந்தக் குழுவின் வழக்கத்தையும் விளக்கினார்கள். மாலையில் எல்லாரும் கூடும்போது முதலில் வாசிப்பது சுட்டவரின் பெயரை இல்லை. மிருகம் நேரே நின்றும் பாதுகாப்பில்லை என்று சுடாமல் விட்டவர் பெயரைத்தான், அதுவும் இரண்டு பேர் கண்டதாகச் சொன்னால் மட்டும். எப்போதோ, அவர்கள் அப்பாக்களின் காலத்தில், மிருகத்துக்குப் பின்னால் நின்ற ஒரு ஆள் விழுந்தானாம். சுடாததுக்கு ஒரு பட்டம், அதுக்கு ரெண்டு சாட்சி வேற, என்று அவர் கீரனின் காதில் சொன்னார், எங்கட நயினாருக்குச் சுட்டதுக்கே சாட்சி கிடையாது. "வல்லி! வேகமாக! வல்லி, இடது பக்கம்!" அந்தச் சொல் ஊசியிலைக்காட்டுக்குள் ஒரு மரத்தில் பட்டு இன்னொரு மரத்தில் பட்டு வருகிறது. இதே மாதிரித்தான் பனங்கூடலுக்குள்ளும் வந்திருக்கும். டேய் வல்லி, இஞ்சால கலையடா, வல்லி, உங்கால ஓடுது. அப்பா ஓடியிருப்பார். அந்தக் கதையை அப்பா ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. காலைக் கழுவும்போது கெண்டைக்காலில் மூன்று கறுப்புப் புள்ளிகள் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்த குணசிங்கம் அவற்றில் விரல் வைத்து அமத்தினால் உள்ளே ஒரு பட்டாணி உருளும். நோகுதா அப்பா? இல்லையடா, அது என்ர சொத்து. சொத்து! அந்த மனிதர் அதைப் பகிடியாகச் சொன்னாரா, கசந்து சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாரையும் கேள்வி கேட்டார், அவரை மட்டும் கேட்கவில்லை. வல்லிபுரம் என்ற முழுப் பெயரால் வாழ்நாளில் ஒருவரும் கூப்பிடாத மனிதர். அதற்காகத்தான் செம்மலர் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று அவள் பெயருக்கும் தன் பெயருக்கும் நடுவில் அந்தப் பெயரை வைத்தே தீருவேன் என்று யோகேசோடு சண்டை பிடித்தார். வைத்தார். அவளோ எங்கே எழுதினாலும் அதை விட்டுவிட்டு எழுதுகிறாள். "அப்பா, அந்தப் பெட்டிக்குள்ள அது அடங்காது." அடங்காது. விதானையாரும் இதைத்தான் சொன்னார். "வல்லி! கேட்கிறதா? வல்லி!" அவர் ஒரு மரக்குற்றியைக் கண்டார். அதில் குந்தினார். வோக்கியின் திருகைத் திருகி நிறுத்தினார்.

இனி நகரமாட்டேன். எத்தனை வாசலில் குந்தியிருக்கிறார். கோயில் வாசலில், அரசாங்கக் கச்சேரி வாசலில், மீன் தொழிற்சாலையின் பனி மூடிய வாசலில் கையுறைக்காக. ஒவ்வொரு முறையும் முதல் கொஞ்ச நேரத்தில் ஒரு பெருமிதம் வரும், முதுகு நேராகும், இப்போதும் நேரானது. ஹோ ஹோ என்று ரூனெயின் சத்தம் முன்னால் போனது. கீரனின் பாட்டும் முன்னால் போனது. அவர்கள் அவர் பக்கத்தில் வருவதாக நினைத்துப் போகிறார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. குற்றியின் ஈரம் காற்சட்டைக்குள்ளால் ஏறியது. பூர்ச்ச இலையொன்று மேலங்கியில் வந்து ஒட்டியது, அதைத் தட்டிவிடவும் ஒரு ஆள் இல்லை. பொலிஸ் இல்லை, முதலாளி இல்லை, படம் பிடிக்கிறவன் இல்லை. ஒருவரும் காணாத போராட்டத்துக்கு என்ன பெயர்? அது களைப்பாறுதல். வயதான ஒருவர் காட்டுக்குள் களைப்பாறுகிறார். எரிச்சல் வந்தது, ஹல்வார்மேல், தொப்பிமேல், பாட்டுப் பாடிக்கொண்டு போன மகன்மேல், உள்ளங்கையை மூடி வைத்திருந்த மகள்மேல். அவள் இப்போது என்ன செய்வாள்? மூச்சைப் பாதி விட்டு நிறுத்திவைத்திருப்பாள். காலையில் காருக்குள் ஒரு சொல்லும் பேசவில்லை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவுமில்லை. இரவு யோகேஸ் சொன்னாள், பிள்ளை நித்திரை கொள்ளேல்லை, முதல் மிருகம், பயப்பிடுறாள். அவர் தூங்கினார். வரிசையில் ஒரு ஓட்டை விழுந்தால் மிருகம் அந்த ஓட்டைக்குள்ளால்தான் திரும்பி ஓடும், அது வகுப்பில் சொன்ன பாடம், அந்தக் கேள்விக்கு அவர் சரியான பெட்டியில்தான் புள்ளடி போட்டார். இந்த ஓட்டை நான். அவளுடைய மரையை நான் விடுகிறேன். இல்லை, நான் விடவில்லை, தொப்பி விடுகிறது, விதானையார் விடுகிறார், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ரோனியோ மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கும் பதினேழு வயதுதான் இருக்கும். துவக்கின் வார் தோளிலிருந்து வழுகிவிழ விழ இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு மூச்சு விட ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் இது இப்போது? மூன்றாவதுக்கு இன்னும் முறை வரவில்லை.

அப்போது மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டது, அவருடையது இல்லை. தலையைத் திருப்பினார். எல்க் நின்றது. மரை என்றுதான் அவர் சொல்வார், ஆனால் இது மரை இல்லை. குதிரையைவிட உயரம், தொங்கும் மேலுதடு, விலாவில் சதுப்புச் சேறு, மூக்கிலிருந்து புகை. ஈரக் கம்பளியும் சாணமும் கலந்த மணம். வரிசையில் விழுந்த ஓட்டைக்குள்ளால் தப்பி வந்திருக்கிறது. அது அவரைப் பார்த்தது. ஒரு சாட்சி கிடைத்துவிட்டதென்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் ஓடியது, வெட்கமாக இருந்தது. எழுந்தார். எழுந்ததுதான் பிழை, அல்லது குந்தியதுதான் பிழை. மிருகம் வெட்டித் திரும்பிச் சரிவில் இறங்கி ஓடியது. அவரும் ஓடினார், ஏன் ஓடுகிறார் என்று தெரியாமல், வரிசை எங்கே என்று தெரியாமல், "உங்கால! உங்கால!" என்று கத்திக்கொண்டு. கிளைகள் முகத்தில் அடித்தன, தொப்பி ஒரு கிளையில் போய்விட்டது. மரங்கள் முடிந்தன. வெளி. மஞ்சள் புல்வெளி, நடுவில் எல்க், பக்கவாட்டில், படத்தில் போட்டுக் காட்டியதுபோல் அசையாமல். அதற்கு அப்பால் வெளியின் மறுகரையில் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள். ஒன்றிலிருந்து ஒரு கறுப்புக் கோடு நீண்டிருந்தது. ஆறாம் இடம். கோடு எல்க்கை நோக்கி இருந்தது, எல்க்குக்குப் பின்னால் அவர். கெண்டைக்கால் கடித்தது. கத்து. சத்தம் போதும், அர்த்தம் வேண்டாம், கத்து. பொலிஸ் குண்டாந்தடி ஓங்கியபோது திறந்த தொண்டை, குளிரறையில் உறைந்த உதட்டோடு திறந்த தொண்டை, இப்போது ஒரு சொல்லுக்கும் வழி விடவில்லை. மூச்சு பாதியில் நின்றது, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, முதல் தடவையாகச் சரியாக. குந்தலாம், விழுந்து படுக்கலாம். முழங்கால் கேட்கவில்லை. அவளுடைய துவக்குத் தூரக்கண்ணாடிக்குள் இப்போது என்ன தெரியும்? விலா. சேறு. விலாவுக்கு மேலே ஒரு நரைத் தலை. அவளுக்கு அது தெரியுமா, இல்லை விலா மட்டும்தானா, முதல் மிருகம், நித்திரை கொள்ளாத கண். விரலை இழுக்காதே பிள்ளை. மெல்ல அமத்து. இல்லை, அமத்தாதே. கறுப்புக் கோடு மெதுவாக மேலே ஏறியது, வானத்தை நோக்கி. அந்தச் சின்ன உருவம் துவக்கின் பூட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, இங்கெருக்கு உள்ளங்கையில் காட்டியது. எல்க் காதை அசைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து மரங்களுக்குள் போனது. குணசிங்கத்துக்கு முதலில் வந்தது கோபம். ஏன் சுடேல்லை? நேரே நிண்டதே! ஒரு வருஷம் படிச்சு, நேரே நிண்டதை விட்டிட்டாளே! அந்தக் கோபம் முழுதாக வந்து முடிந்த பிறகுதான் முழங்கால் கேட்டது. புல்லுக்குள் குந்தினார். இதை எந்தப் போராட்டத்திலும் சேர்க்க முடியாது.

அன்று ஒருவரும் சுடவில்லை. இறைச்சி தொங்கவிடும் கொட்டிலில் கொழுக்கிகள் வெறுமையாகத் தொங்கின. எல்லாரும் மேலங்கியைக் கழற்றாமல் நின்றார்கள். கீரன் பக்கத்தில் வந்து, "எங்கையப்பா போனனீங்கள், நான் உங்களுக்கும் சேர்த்துப் பாடினனான்" என்றான். செம்மலர் எதிர்ச் சுவரோரம் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. பார்க்காத விதம் யோகேசின் விதம். இரண்டு கையாலும் கோப்பிக் கோப்பையைப் பிடித்திருந்தாள். ஹல்வார் வரிசை ஏன் உடைந்ததென்று ஒருவரையும் கேட்கவில்லை, அது நாளைக் காலைக்கு. இப்போது வழக்கம். தொப்பியைக் கழற்றினார், எல்லாரும் கழற்றினார்கள். குணசிங்கத்திடம் கழற்றத் தொப்பி இல்லை. "ஆறாம் இடத்தில் ஒரு மிருகம் சுடாமல் விடப்பட்டது. காரணம், பின்னால் ஆள். கண்டவர் யார்?" பின்னால் ஆள். பெயரில்லை. நிற்கக்கூடாத இடத்தில் நின்றவனின் பெயரைச் சொல்வது வழக்கமில்லையாம். பெயருக்காகவே வாழ்ந்தவர் கடைசியில் ஒரு ஆள். நியாயமா என்று கேட்க வாய் வந்தது. "நான் கண்டேன்" என்றாள் இங்கெர். "இரண்டாவது?" ரூனெ தலையை ஆட்டினான், அவன் காணவில்லை. கீரன் காணவில்லை. இரண்டாவது சாட்சி இல்லாவிட்டால் வாசிப்பும் இல்லை. அந்த வெளியில் மகளையும் இங்கெரையும் தவிர நின்றது ஒரே ஒரு ஆள். அவர் வாய் திறந்தால் எங்கே நின்று கண்டாய் என்று வரும், ஏன் அங்கே நின்றாய் என்று வரும், குற்றி வரும், திருகி நிறுத்திய வோக்கி வரும். திறக்காவிட்டால், அநியாயங்களின் வரிசையில் ஆறாவது ஒன்று ஏறும். அதை எழுதிய கை எதுவென்று கீரன் காலையிலேயே சொல்லிவிட்டான். அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்பார்க்கவில்லை என்று காட்டுகிறவளின் கழுத்து. "நான் கண்டேன்" என்றார் குணசிங்கம், நோர்வே மொழியில், தேவைக்கு மேல் உரத்து. "எங்கே நின்று, வல்லி?" "பின்னால் நின்று. அந்த ஆள் நான். வரிசையை விட்டதும் நான்தான்." யாரோ சப்பாத்தை மாற்றி வைத்தார்கள். செம்மலர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், நீண்ட நேரம், தூரக்கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதுபோல். பிறகு சட்டைப் பையிலிருந்து வேட்டை அனுமதி அட்டையை எடுத்து ஹல்வாரிடம் கொடுத்தாள். அவர் அதை மேலோட்டமாகப் பார்த்து, "செம்மலர் குணசிங்கம்" என்று தொடங்கினார். "இல்லை" என்றாள் அவள், "நடுவில் ஒன்று இருக்கிறது. அதை விடாமல் முழுதாக வாசியுங்கள்." ஹல்வார் அட்டையை விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். அந்தச் சொல்லின் முதல் பாதியில் அவருடைய வாய் பழக்கத்தால் நின்றது. நிமிர்ந்து குணசிங்கத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு காட்டுக்குள் கூப்பிடும் குரலை விட்டு வேறொரு குரலில், ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்து, நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்க வாசித்தார்:

"செம்மலர் வல்லிபுரம் குணசிங்கம்."